மூன்றாவது தடவை

“இந்தக் கீபோர்டுக்காரர் பேரைச் சங்கத்துல இருந்து அடிச்சாத்தான் நான் இங்கிருந்து எழுந்திருப்பேன்” என்றாள் பாடகரின் மகள்.

இசைக் கலைஞர் சங்கச் செயலாளரின் மேஜைமேல் இரண்டு பழைய சிடிகள். இரண்டிலும் ஒரே தாலாட்டு மெட்டு. கீபோர்டுக்காரருடைய அட்டையில் 2001. இறந்துபோன பாடகருடைய அட்டையில் 1999.

“நான் பொறந்த வருஷம், எனக்காக அப்பா போட்ட மெட்டு. கூட வாசிச்சவரே சுட்டுட்டார்.”

எதிர் நாற்காலியில் இருந்த கீபோர்டுக்காரர் தன் சிடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அட்டையில எந்த வருஷம் வேணா அடிக்கலாம்மா” என்றார் செயலாளர். “அதான் லென்ஸம்மாவை வரவழைச்சோம். ரெண்டும் இவங்க கம்பெனியில செஞ்ச தட்டு.”

லென்ஸம்மா அந்தக் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் லென்ஸ் வைத்துச் சிடித் தட்டுகளைச் சரிபார்த்தவர். நாலு பேர் நடுவில் பேச வராது. லென்ஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“நடு ஓட்டையைச் சுத்திப் பொடியா ஒரு எண் இருக்கும். முதல் ரெண்டு இலக்கம் வருஷம், அடுத்த ரெண்டு வாரம். மறுபடி அடிச்ச தட்டுன்னா பின்னால ஓர் எழுத்து சேரும். மூணு தடவை படிச்சாத்தான் வாய் திறப்பேன். கம்பெனிப் பழக்கம்.”

முதல் தட்டை மூன்று தடவை படித்தார்.

“0109. 2001, ஒன்பதாவது வாரம். அட்டையில இருக்கறது சரி.”

“அப்பாவோடதைப் பாருங்க” என்று உதட்டைச் சுழித்தாள் மகள்.

லென்ஸம்மா அதை விளக்கடியில் சாய்த்தார். நெற்றி சுருங்கியது. 0311. பின்னால் எழுத்து இல்லை.

துணியால் துடைத்து இரண்டாவது தடவை படித்தார். அதே 0311.

நிமிர்ந்தார். கீபோர்டுக்காரர் முகம் வெளுத்திருந்தது.

“போதும்மா” என்று அவர் எழுந்தார். “மெட்டு அவரோடதுதான். நான்தான் எடுத்தேன். பேரை அடிச்சுக்குங்க.”

“குட்டு உடையப்போகுதுன்னதும் வாய் திறக்குது பாருங்க” என்றாள் மகள். “இவரைப் போய்ச் சித்தப்பான்னு கூப்பிட்டேனே.”

செயலாளர் பெயர்மேல் சிவப்புக் கோடு போட்டார். கீபோர்டுக்காரர் தலைகுனிந்து வெளியேறினார்.

“தண்ணி குடிச்சுட்டு வரேன்” என்று லென்ஸம்மா மாடிப்படிவரை பின்னாலேயே போனார்.

“தம்பி, அது 2003ல அடிச்ச தட்டு. உங்களுது ரெண்டு வருஷம் முந்தி.”

“தெரியும்மா. அட்டையில 1999னு போடச் சொன்னதே நான்தான்.” அவர் குரல் இறங்கியது. “இவ பொறந்தப்போ அவர் குடிச்சுட்டு எங்கேயோ கிடந்தார். மூணு வருஷம் மக முகத்தையே பார்க்கல. சாகற காலத்துல என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘அவளுக்குன்னு நான் ஒண்ணாவது செஞ்சதா இருக்கட்டும்டா’ன்னு அழுதார். இருக்கற மெட்டைக் கொடுத்தேன். கைத்தாங்கலாக் கூட்டிட்டுப் போய்ப் பாட வெச்சேன்.”

லென்ஸம்மா திரும்பி வந்தார். மகள் அப்பாவின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“அந்த எண்ணைச் சொல்லுங்க, நோட்டுல எழுதணும்” என்றார் செயலாளர்.

“அவர்தான் ஒத்துக்கிட்டாரே, இனி எதுக்கு?” என்றாள் மகள்.

லென்ஸம்மா லென்ஸை உறையில் போட்டு மூடினார்.

“ரெண்டு தடவைதான் படிச்சேன் சார். மூணாவது தடவை படிக்காத எண்ணை நான் சொல்றதில்ல.”