ஆதிமூலம் விழுந்த வீடியோ

பால் சொசைட்டியில் கேனை இறக்கி வைத்ததுமே விஜயலட்சுமிக்குத் தெரிந்துவிட்டது, ஏதோ சரியில்லை. வரிசையில் நின்ற அத்தனை பேரும் ஒரே போனுக்குள் தலையை விட்டுக்கொண்டு சிரித்தார்கள். அவளைக் கண்டதும் சிரிப்பை அடக்க ஆளுக்கொரு பக்கம் திரும்பினார்கள்.

மறுபடியும் நம் பெண்ணின் வீடியோவா?

“உன் பொண்ணுது இல்லக்கா. இது உங்க வூட்டுக்காரரு!” என்று போனை நீட்டினாள் வரிசையில் நின்ற நிர்மலா.

பார்த்தாள். மணலூர்பேட்டையில் எந்தப் பஞ்சாயத்து நடந்தாலும் முதல் நாற்காலி கிடைக்கிற ஆதிமூலம், சலவை வேட்டி சட்டையோடு வரப்பில் நடந்து வருகிறார். கால் வழுக்குகிறது. நாற்று நட உழுது வைத்திருந்த சேற்றில் தொபுக்கடீர்! எழுகிறார். “அய்யய்யோ எம்மா!” என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் விழுகிறார். பின்னணியில் தவில் வேறு.

முந்தாநாள் ஈர வேட்டியோடு வீட்டுக்கு வந்தது இதனால்தானா? கேட்டதற்கு ஒன்றுமில்லை என்று மழுப்பினாரே!

“ஒரே நாள்ல பன்னெண்டாயிரம் பேரு பாத்துகிறாங்கக்கா!”

பாலை ஊற்றினாளா, அளந்தார்களா, அவளுக்கே நினைவில்லை. வீட்டைப் பார்த்து விறுவிறுவென்று நடையைக் கட்டினாள்.

வீட்டில் இருக்கிற துக்கம் போதாதா? போன வாரம் பள்ளிக்கூடத்தில் கரியாலூருக்கு டூர் போனார்கள். அருவிப் பாறையில் மகள் மணிமொழி வழுக்கி விழுந்தாள். அதைப் படம் பிடித்து, எருமை கத்துகிற சத்தத்தையும் சேர்த்து இன்ஸ்டாவில் போட்டது வேறு யாருமில்லை. ஒரே பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிற சந்தியாதான்.

அப்புறம் டவுன் பஸ்ஸில் ஏறினால் பின்சீட்டிலிருந்து எருமைக் கத்தல். வகுப்புக்குள் போனால் அங்கேயும். முகம் தெரியாதவனெல்லாம் அவள் உடம்பைப் பற்றி கமெண்ட் எழுதினான். ஐந்து நாளாக அந்தப் பெண் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறாள். சோறு இறங்கவில்லை. “டிசி வாங்கிக் குடுத்துடும்மா, நான் இனிமே படிக்கல” என்பது ஒன்றுதான் பேச்சு. பிளஸ் டூ படிக்கிற பெண்! பெற்றவளுக்கு எப்படி இருக்கும்?

பெற்றவருக்கோ இந்த வயதில் ஆட்டம் கேட்கிறது.

ஆதிமூலம் சாவகாசமாகக் கூழ் குடித்துக்கொண்டிருந்தார்.

“இன்னாங்க இது அசிங்கம்? வழுக்கி வுழுந்தது சரி. படம் எடுத்தவன் யாருன்னு புடிச்சி நாலு வார்த்த கேக்கத் தோணலியா உங்களுக்கு?”

அவர் நிமிர்ந்தார். “எவ்ளோ பேரு பாத்துகிறாங்களாம்?”

“இன்னாது?”

“இல்ல… நேத்து சாயந்திரம் டீக்கடையில எட்டாயிரம்னாங்க. இப்ப ஜாஸ்தி ஆயிருக்கணும்.”

வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கூழ்ச் சட்டியை அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பாள். “பன்னெண்டாயிரம்! போதுமா? புள்ள உள்ள செத்துகினு இருக்கிறா, உங்களுக்கு எத்தினி பேரு பாத்தாங்கன்னு கேக்குதா?”

“பன்னெண்டா!” என்றார். முகத்தில் அப்படியொரு திருப்தி. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பிவிட்டார். இந்த மனுஷனோடா இருபது வருஷம் குப்பை கொட்டினோம் என்று இருந்தது அவளுக்கு.

சத்தம் கேட்டு அறைக் கதவு திறந்தது. மணிமொழி வந்து அம்மாவின் போனை வாங்கி, அந்த வீடியோவைத் தேடிப் பார்த்தாள். பார்க்கப் பார்க்கக் கண் சிவந்தது.

“இதயும் சந்தியாதாம்மா போட்டுகிறா. அதே ஐடி. என்ன எருமன்னா, பொறுத்துகினேன். இப்ப எங்கப்பாவயுமா? நாளைக்கு நான் ஸ்கூலுக்குப் போறேன். எங்கப்பாவப் பத்தி எவ இன்னா பேசறான்னு பாத்துடறேன்!”

மூலையில் கிடந்த யூனிஃபார்மை எடுத்துத் துவைக்கப் போட்டாள்.

மகள் வெளியே வந்ததற்குச் சந்தோஷப்படக்கூட விஜயலட்சுமிக்கு நேரமில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனாள். சந்தியா வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏண்டி, என் பொண்ணு உனக்கு இன்னா பாவம் செஞ்சா? அது பத்தாதுன்னு எங்க வூட்டுக்காரரையும் சந்தி சிரிக்க வச்சிட்டியே! நட, போலீசுக்குப் போவலாம்.”

சந்தியா எழுந்து நின்றாள்.

“அத்தை, நான் வெளையாட்டுக்குத்தான் போட்டேன். மணி அழுவுறான்னு தெரிஞ்சதும் அழிச்சிட்டேன். ஆனா அதுக்குள்ள எல்லாரு போனுக்கும் போயிடிச்சி. அப்புறம் என் கையில இல்ல அத்தை. மாமா வந்தப்பவும் இதத்தான் அழுதுகினே சொன்னேன்.”

“மாமா வந்தாரா? எப்ப?”

“முந்தாநேத்து. என்ன அடிக்கத்தான் வந்துகிறாருன்னு நெனச்சேன். அடிக்கல. ‘இதவிடப் பெருசா வேற எதனா வந்தா ஊரு இத மறந்துடுமா?’ன்னு கேட்டாரு. மறந்துடும்னேன். ‘அப்ப போன எடுத்துகினு கழனிக்கு வா’ன்னாரு.”

“அப்ப வேணும்னேதான் வுழுந்தாரா?” என்றாள் விஜயலட்சுமி.

“ஏழு தடவ வுழுந்தாரு அத்தை. ஒவ்வொரு தடவையும் சேத்துலேருந்து எழுந்து, ‘என் பொண்ணு வுழுந்ததவிட இதுக்கு நல்லா சிரிப்பு வருதாம்மா?’ன்னு கேட்டாரு.”