குளத்துக்கு நடுவே ஒரு வாத்தியார்

மாலை வெயில் கார்களின் கூரைகளில் பட்டு, சுற்றுச்சூழல் பாட ஆசிரியரின் கண்ணைக் கூசவைக்கிறது. கல்லூரிக்கு வரும் ஆய்வுக் குழுவுக்குக் காட்ட, குளத்தோடு ஒரு படம் எடுக்க வந்திருக்கிறார். கக்கத்தில் மாணவர்களின் களப்பணி அறிக்கைகள். எல்லாவற்றிலும் அதே பதினாலு தும்பி, அதே இரண்டு நீர்க்கோழி. சீனியர் நோட்டிலிருந்து இறங்கிய அவை சாவதுமில்லை, குஞ்சு பொரிப்பதுமில்லை. அவரும் ஆறு வருடமாக இடத்தைப் பார்க்காமலே இருபதுக்குப் பதினெட்டு போட்டு வருகிறார். "ஏங்க, இங்க ஒரு குளம் இருக்குமே?" கார் நிறுத்துமிடக் காவலாளி சிரிக்கிறார். "அதுக்கு நடுவுலதான் சார் நிக்கிறீங்க! மூடி நாலு வருஷமாச்சு. போன வருஷம் ஒரு பொண்ணு வந்து, நாள் பூரா காரை எண்ணி எழுதிட்டுப் போச்சு. உங்க காலேஜா?" அவர் கல்லூரிதான். 'குளம் இல்லை, நாற்பத்திரண்டு கார்கள்' என்ற அந்த ஒற்றை அறிக்கைக்கு, நக்கலா என்று கேட்டு, சிவப்பு மையில் முட்டை போட்டவரும் அவர்தான். அந்த ஒரு பாடத்தில் தேறாததால் அவள் இன்னும் பட்டம் வாங்கவில்லை. ஒரு கார் பின்பக்கமாக நகர்ந்து வருகிறது. "சார், ஓரமா வாங்க!" காவலாளி விசில் ஊதுகிறார். எந்தப் பக்கம் ஒதுங்குவதென்று தெரியாமல் ஆசிரியர் அங்கேயே நிற்கிறார்.