அடக்கமான அம்மா

"இந்த வயசுல என்ன நாடகம் வேண்டிக்கிடக்கு, அத்தை? வாராவாரம் ஊர் சுத்தணுமா?" மருமகள் வாசற்படியை மறித்து நின்றாள்.

"முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில ஊசி போட்டேன். இப்பதான் நாலு பேரோட சிரிக்கிறேன். வழியை விடு."

"எங்கம்மாவும்தான் ரிட்டயர் ஆனாங்க. வீடுண்டு, தானுண்டுன்னு இருக்காங்க. அவங்களைப் பார்த்துக் கத்துக்கோங்க!"

மாமியார் அவளை விலக்கிவிட்டுக் கிளம்பினாள். முதுகுக்குப் பின்னால் கதவு அறைந்து சாத்தப்பட்டது.

நாடக அரங்கில் தோழி இடம் பிடித்து வைத்திருந்தாள். மாமியார் உட்காருவதற்குள் தோழியின் கைபேசி அலறியது.

"ஆமாடி, உன் மாமியாருக்குத் திமிர்தான். நானா? முட்டி வலி, வீட்டுலதான் படுத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு, கைபேசியை அணைத்துப் பைக்குள் போட்டாள் தோழி.

"என் பொண்ணு கொதிக்கிறா, சம்பந்தி. கொதிக்கட்டும். திரையைத் தூக்கப் போறாங்க, உட்காருங்க."