ஆறு புள்ளி ஒன்று

மனித குலத்தை வேரோடு அழிக்கப்போவது அணுகுண்டு அல்ல, வெள்ளை அரிசி என்று சௌந்தரராஜன் அறிவித்தார்.

அவர் அதைக் கண்டுபிடித்து இருபத்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் அறுபத்து நாலு வருஷம் மூன்று வேளையும் அந்த எதிரியைத்தான் குழம்பு ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார்.

எதிரே சோபாவில் ரமணன். வங்கியில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவன். அவனுக்கும் போன வாரம் ரத்தப் பரிசோதனையில் அதே தீர்ப்பு: சர்க்கரை வியாதி இன்னும் வரவில்லை, வாசலில் நிற்கிறது. உபாயம் கேட்க அலிப்பூரிலிருந்து பாலிகஞ்சுக்கு ஒரு டைரியோடு வந்திருந்தான்.

“ஆறு புள்ளி ஒண்ணு” என்று சௌந்தரராஜன் ஃபிரிட்ஜைக் காட்டினார். அங்கே அவருடைய சர்க்கரை ரிப்போர்ட், லாமினேட் செய்யப்பட்டு, பெருமாள் காலண்டருக்கு ஒரு சாண் மேலே ஒட்டப்பட்டிருந்தது.

டாக்டர் சொன்னது கொஞ்சம்தான். தினம் நடை, சாதத்தில் பாதி, மூன்று மாதம் கழித்து இன்னொரு டெஸ்ட். மாத்திரைகூட எழுதவில்லை. சௌந்தரராஜனுக்கு அது கௌரவக் குறைச்சலாக இருந்தது. மீதியைத் தானே எழுதிக்கொண்டார்.

அன்று சாயங்காலமே, லேக் மார்க்கெட்டில் வாங்கிய பொன்னி அரிசி மூட்டை கீழே வாட்ச்மேனுக்குப் போயிற்று. சர்க்கரை, வெல்லம், தேன், உருளைக்கிழங்கு எல்லாம் பாத்திரம் தேய்க்கிறவளுக்கு. வீட்டில் இரண்டே பேர். இருவருக்கும் ஒரே சட்டம்.

இரண்டாவது ஆள், அவர் மனைவி ராஜம், சமையலறை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

ராஜத்துக்குச் சர்க்கரை வியாதி வந்து பதினோரு வருஷம். அவளுடைய ரிப்போர்ட்டுகள் பருப்பு டப்பாவுக்கு அடியில் எண்ணெய் குடித்துக்கொண்டிருந்தன. காலையில் ஒரு மாத்திரை, பின்னாலேயே மூன்று இட்லி என்று யாருக்கும் தொந்தரவில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த இருபத்து மூன்று நாளாக இட்லிக்குப் பதில் முளைகட்டிய பயறு. இன்று முதல் பதினாறு மணி நேர விரதம் வேறு. பழக்க தோஷத்தில் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டுவிட்டாள்.

“ரெண்டு இட்லியாவது சாப்பிடறேனேன்னா. தலையைச் சுத்தறது” என்று காலையில் கேட்டுப் பார்த்தாள்.

“மனசுல உறுதி இருந்தா தலை ஏன் சுத்தப்போறது? என்னைப் பாரு.”

“உங்களுக்கு இனிமேதான் வரணும். எனக்கு அது வந்து பதினோரு வருஷமாக் குடித்தனம் பண்ணிண்டிருக்கு.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ரமணன் வருகிற நேரமாகிவிட்டது.

இப்போது ரமணன் மூன்றாவது பக்கத்தை எழுதிக்கொண்டிருந்தான். புலனடக்கம் என்ற வார்த்தையின் கீழ் அவன் கோடு போட்டபோது, ராஜத்தின் கை நிலைப்படியிலிருந்து நழுவியது.

சத்தம் அதிகமில்லை. சுவரோடு சறுக்கி, உட்கார்ந்து, பிறகு படுத்தாள். ஜனவரிக் குளிரில் அவள் ரவிக்கை தொப்பலாக நனைந்திருந்தது.

ரமணன்தான் முதலில் ஓடி வந்தான். “சார், மாமிக்கு சுகர் இறங்கிடுத்து! ஏதாவது தித்திப்பு எடுத்துண்டு வாங்கோ, சீக்கிரம்! வீட்டுல என்ன இருக்கு?”

“இந்த வீட்டுலயா?” என்றார் சௌந்தரராஜன். அந்த நிலையிலும் குரலில் கொஞ்சம் பெருமை ஒட்டிக்கொண்டிருந்தது.

“எங்கம்மாவுக்கும் இப்படித்தான் சார் ஆச்சு. பொழைக்கலை.”

ராஜத்துக்கு எல்லாம் கேட்டது, கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல. பேசப் பார்த்தாள். வாயில் நாக்கு இருந்த இடத்தில் ஈரத்துணி கிடந்தது. கண் மட்டும் திறந்திருந்தது. எதிரே இரும்பு பீரோ.

சௌந்தரராஜனின் கை பனியனுக்குள் போயிற்று. பூணூலில் முடிந்திருந்த பீரோ சாவியைப் பிடித்தது.

ராஜம் அந்தக் கையையே பார்த்தாள்.

அவர் அவளைப் பார்த்தார். பிறகு ரமணனைப் பார்த்தார். பிறகு, தரையில் விரிந்து கிடந்த டைரியை.

கை வெறுமையாக வெளியே வந்தது.

“கீழ் வீட்டு வங்காளி பௌதி கிட்ட சர்க்கரை வாங்கிண்டு வரேன். நீ ஆம்புலன்ஸுக்கு போன் போடு.”

அவர்கள் இருப்பது நாலாவது மாடி. லிஃப்ட் ஒரு வாரமாக ஓடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியூர். செருப்புச் சத்தம் படிப்படியாக இறங்கி, மூன்றாம் மாடித் திருப்பத்தில் மங்கியது. ரமணனின் போனுக்குள் ஒரு பெண் குரல் வங்காள மொழியில் காத்திருக்கச் சொன்னது.

முந்தாநாள் ஒரு பட்டுப்புடவை எடுக்க அவர் பீரோவைத் திறந்தபோது, ராஜம் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்திருந்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பாவம், மனுஷர் ஊரெல்லாம் சொல்லிவிட்டாரே என்றிருந்தது.

அவள் தலைக்கும் பீரோவுக்கும் நடுவே நாலடி தூரம். உள்ளே, இன்கம்டாக்ஸ் ஃபைல்களுக்குப் பின்னால், இனிப்புக் கடைப் பெட்டி ஒன்றில் வெல்லம் போட்ட சந்தேஷ் இருந்தது. பாதி தீர்ந்திருந்தது.