மூன்றாவது ரோல்

“மறுபடியும் பச்சையா?” நோயாளியின் கையைப் படமெடுத்த ஸ்லைடை விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்த டாக்டர் சுந்தர்ராஜ் எரிந்து விழுந்தார். தோல் பதனிடும் தொழிலாளிகளின் கைகளில் வரும் சரும நோய் பற்றி நாளை டெல்லி மாநாட்டில் அவர் பேச வேண்டும்.

“பகல் வெளிச்சத்துக்கான ஃபிலிமை டியூப் லைட்டுல எடுத்தா பச்சை அடிக்கும். ஆஸ்பத்திரி போட்டோகிராபரான உனக்கு இது தெரியாதா ஜெஸ்டன்?”

“மொத ரோலுதான் டியூப் லைட், டாக்டர். ரெண்டாவது ஃபிளாஷ். இது வராண்டா வெயில்ல எடுத்தது.”

“அப்புறம் ஏன் கை பச்சையா இருக்கு?”

“கைக்குக் கீழ வெள்ளைத் துணி விரிச்சிருக்கேன். அது வெள்ளையாத்தானே விழுந்திருக்கு?”

டாக்டர் குனிந்து பார்த்தார். துணி பளிச்சென்று இருந்தது.

“கையே பச்சைதான் டாக்டர். அவருக்கு ஆம்பூர்ல தோலுக்குச் சாயம் ஏத்துற தொட்டியில வேலை. மொத நாளே சொல்ல வந்தேன், நீங்க விடல.”

டாக்டர் விறுவிறுவென்று வராண்டாவுக்கு வந்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த நோயாளி மாதனூர் ராமமூர்த்தி, முழங்கை வரை பச்சையேறிய கைகளைப் பழக்கத்தில் நீட்டினார்.

“இன்னொரு போட்டோவா சார்? மூணு நாள் வேலை போச்சு. இன்னிக்காவது டாக்டர் வந்து கையைப் பாப்பாரா?”