தேய்த்த சுவர்

மூன்று மாதமாகக் கூப்பிட்டு இன்றுதான் வந்திருக்கும் வீட்டுக்காரர், தையல்காரனின் மகள் படுத்திருக்கும் கட்டிலுக்கு மேலே டார்ச் அடிக்கிறார். வெளிச்ச வட்டம் சுவரில் ஏறி இறங்குகிறது. நேற்றுவரை ஆள் உயரத்துக்குக் கறுத்துப் படர்ந்திருந்த இடம் ஈரமாக வெளுத்திருக்கிறது. பிளீச்சிங் பவுடர் நெடி கண்ணைக் கரிக்கிறது. "எங்கப்பா உன் பூஞ்சை?" தையல்காரன் மனைவியைத் திரும்பிப் பார்க்கிறான். அவள் தோலுரிந்த விரல்களைத் துண்டில் துடைத்தபடி, பாராட்டை எதிர்பார்ப்பவள்போல நிற்கிறாள். "நீங்க வர்றப்ப வீடு அசிங்கமா இருக்கக் கூடாதேன்னு காலையிலதான் தேய்ச்சேன் சார்." "பாத்தியா, தேய்ச்சா போயிடுது. உங்க சோம்பேறித்தனத்துக்கு நான் சுவரை இடிச்சுக் குழாய் மாத்தணுமா?" தையல்காரன் குறுக்கிடுகிறான். "உள்ள ஒழுகுது சார், பத்து நாள்ல திரும்ப வந்துடும். பாப்பாவுக்கு மூச்சு விட முடியல." "வந்தா கூப்பிடு, பாக்கலாம்." டார்ச் அணைகிறது. செருப்புச் சத்தம் படியிறங்கித் தேய்கிறது. மகள் இருமுகிறாள். மனைவி பழக்கத்தில், மூலையில் மிஞ்சியிருக்கும் ஒரு கறுப்புப் புள்ளியைத் துண்டால் துடைக்கப் போகிறாள். தையல்காரன் அவள் கையைப் பிடித்துக்கொள்கிறான். "தொடாதே," என்கிறான், கட்டிலை நகர்த்த வேறு இடமில்லாத அந்த அறையில். "நல்லா வளரட்டும்."