காய்ந்த சட்டை

நாளைக்குப் புது வருடப் பாடசாலை தொடங்குகிறது. மழையோ விட்டபாடில்லை. இமக்குலேற் அலுமாரியை ஒதுக்கிவிட்டாள். கொப்பிகளுக்கு உறையும் போட்டுவிட்டாள். அறைக்குள் கட்டிய கொடியில் பிள்ளைகளின் வெள்ளைச் சீருடைகள்தான் காய்ந்து தொலையவில்லை.

“இந்த வீட்டுல எல்லாத்துக்கும் நான் ஒருத்திதானா?” என்று கணவன் றொமால்ட்மேல் எரிந்து விழுந்தாள்.

“மழைக்கு நான் என்ன செய்யிற?” என்றான் அவன்.

தையற்கடையிலிருந்து வந்ததும் அலசிப் போட்ட மகனின் புதுச் சட்டை மட்டும் மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. இதாவது காய்ந்ததே என்று பொத்தான் தைக்க எடுத்தாள். சட்டை சூடாக இருந்தது. கழுத்துப்பட்டியில் அழுக்கு. அக்குளில் வியர்வைக் கறை.

“அஜந், பொத்தான் தைக்க முதல் இத ஆருடா போடச் சொன்ன?”

“நான் தொடவேயில்ல அம்மா.”

சினத்தோடு அதைக் கதிரையில் எறிந்தாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கவே, சட்டையின் முதுகில் வியர்வை மெல்லப் பரவியது.